ஆற்று மீனும் வீட்டுத் தொட்டியும்

(அலங்கார மீன் வளர்ப்புப் பயிற்சி முகாம் ஒன்றின் நிறைவு நாளில் நிகழ்த்திய உரை)



மீனியல் என் துறையன்று. பொருளாதாரம் பயின்று, அரசுத் திட்டங்களின் வரவு செலவுகளை ஆராயும் பணியில் இருப்பவன் நான். தொட்டி அமைப்பது எப்படி, குஞ்சுகளுக்கு இரை தருவது எப்படி என்பவற்றை வல்லுநர்கள் உங்களுக்கு முறையாகக் கற்பித்திருக்கிறார்கள். ஆகவே, நான் ஒரே ஒரு மீனை எடுத்துக்கொண்டு, அதை வீட்டுத் தொட்டியில் வளர்த்து இனம் பெருக்குவதனால் யாருக்கு என்ன நன்மை, அந்த மீன் வாழும் ஆற்றுக்கு என்ன நன்மை என்ற கேள்வியை மட்டும் உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

உங்களில் பலர் ஏஞ்சல், ஆஸ்கர், டிஸ்கஸ், ஃபிளவர்ஹார்ன் ஆகிய மீன்களை வளர்ப்பவர்கள். இவையெல்லாம் சிக்லிட் குடும்பத்தைச் சேர்ந்தவை. முதல் மூன்றும் தென் அமெரிக்காவின் ஆறுகளிலிருந்து வந்தவை. நான்காவது, கலப்பினத்தால் மனிதன் உண்டாக்கியது. இந்தியாவுக்கே சொந்தமான சிக்லிட் மீன்கள் உண்டா என்று கேட்டால் பலர் தயங்குவர். மூன்று உண்டு. ஒன்று, கேரள அரசு 2010 ஆம் ஆண்டில் மாநில மீனாக அறிவித்த கரிமீன். இரண்டாவது, உப்பங்கழிகளில் வாழும் மஞ்சள் நிறச் சிறு மீனான பல்லத்தி. மூன்றாவதே நான் பேச வந்த மீன். எட்ரோப்ளஸ் கனரென்சிஸ் என்பது அதன் அறிவியற் பெயர். பழைய தென் கன்னட மாவட்டத்தின் பெயரை அது தாங்கி நிற்கிறது. உடல் முழுதும் வரிசை வரிசையாக வெண்முத்துப் பதித்தாற்போன்ற புள்ளிகள் உடையது. இவ்வுரையில் அதனைக் கனரா முத்துப்புள்ளி மீன் என்றே குறிப்பிடுகிறேன்.

இந்த மூன்று மீன்களுக்கும் நெருங்கிய உறவினங்கள் ஆப்பிரிக்கக் கண்டத்திலும் இல்லை, அமெரிக்காவிலும் இல்லை. மடகாஸ்கர் தீவில் இருக்கின்றன. இந்தியாவும் மடகாஸ்கரும் ஒரு காலத்தில் ஒட்டியிருந்த நிலப்பரப்புகள் என்பதை நீங்கள் படித்திருப்பீர்கள். அப்பிரிவினையின்போதே இம்மீன்களும் பிரிந்தனவா, அன்றிப் பிற்காலத்தில் கடல் கடந்து பரவினவா என்பது பற்றி அறிஞர்களிடையே வாதம் உண்டு. எப்படியாயினும் பழங்குடி மரபு என்பதில் ஐயமில்லை. கரிமீனுக்கும் பல்லத்திக்கும் விஞ்ஞானப் பெயர் சூட்டியவர் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் வாழ்ந்த ஜெர்மானிய அறிஞர் பிளாக். கனரா மீனை 1877 இல் விவரித்தவர், சென்னை ராணுவத்தில் மருத்துவராக இருந்து பின்னர் மீன்வளத் துறைத் தலைவராக உயர்ந்த ஃபிரான்சிஸ் டே.

கரிமீனும் பல்லத்தியும் உப்புக் கலந்த நீரிலும் வாழ வல்லவை. நெடுங்கடற்கரை முழுதும், இலங்கையிலும்கூடப் பரவியவை. கனரா மீனோ நன்னீரை விட்டு வெளியேறுவதில்லை. குதிரேமுக் மலைப்பகுதியில் தோன்றித் தர்மஸ்தலத்தை அடுத்து ஓடிவரும் நேத்ராவதி, குக்கே சுப்பிரமணியத்தைத் தொட்டுவந்து உப்பினங்காடியில் அதனுடன் கலக்கும் குமாரதாரா ஆகிய ஆறுகளே அதன் முக்கிய இருப்பிடம். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் மேற்குத் தொடர்ச்சி மலையின் நன்னீர் உயிரினங்களைப் பற்றி 2011 இல் வெளியிட்ட மதிப்பீட்டில், ஆராயப்பட்ட 1,146 இனங்களில் ஏறத்தாழ 16 சதவிகிதம் அழிவின் அச்சுறுத்தலுக்கு உள்ளானவை என்று கண்டது. அப்பட்டியலில் கனரா மீனும் ஒன்று.

சிறிய பரப்பில் வாழும் உயிருக்கு நேரும் இன்னல் பொருளாதார மாணவனுக்கு எளிதில் விளங்கும். ஒரே தொழிலை நம்பியிருக்கும் ஊரைப்போன்றது அது. மணல் அள்ளுதல், தடுப்பணைகள், தோட்டங்களிலிருந்து வடியும் பூச்சிமருந்து, கோடையில் ஆறு சுருங்கி மடுக்களாக எஞ்சுதல் ஆகிய எது நேர்ந்தாலும் போக வேறிடமில்லை. நேத்ராவதியின் தலைநீர்களுள் ஒன்றான எத்தினஹொளெயிலிருந்து ஏறத்தாழ 24 டி.எம்.சி. நீரைக் கோலார், சிக்கபல்லாபூர் முதலிய வறண்ட மாவட்டங்களுக்குத் திருப்பும் திட்டத்தின் முதற்கட்டம் 2024 செப்டம்பரில் தொடங்கி வைக்கப்பட்டது. அம்மாவட்ட மக்களின் குடிநீர்த் தேவை மெய்யானது. அதனை மறுப்பவர் அங்கு சென்று ஒரு கோடையைக் கழித்துப் பார்க்கவேண்டும். ஆனால் அத்தேவையின் விலையில் ஒரு பகுதியைச் செலுத்துவது ஆற்றின் கீழ்ப்பகுதியும் அதில் வாழ்பவையுமே என்பதையும் கணக்கில் எழுத வேண்டும். அந்த வட்டாரத்திலேயே சிசிலா என்னும் ஊரில், கோயிலை ஒட்டிய ஆற்றில் பெரிய மகசீர் மீன்களைப் பக்தர்கள் பொரி இட்டுக் காக்கிறார்கள். உள்ளங்கையளவு முத்துப்புள்ளி மீனுக்குப் பொரி இடுவார் யாருமில்லை.

விலை செய்யும் வேலை

இனி வாணிபத்துக்கு வருவோம். நம் நாட்டிலிருந்து ஏற்றுமதியாகும் உள்நாட்டு அலங்கார மீன்களில் பெரும்பகுதி நெடுங்காலமாக ஆறுகளில் பிடிக்கப்பட்டவையே, வளர்க்கப்பட்டவை அல்ல. 2005 முதல் 2012 வரையான ஏற்றுமதிப் பதிவுகளை ஆராய்ந்தவர்கள், அழிவின் அச்சுறுத்தலுக்கு உள்ளான 30 இனங்களைச் சேர்ந்த 15 லட்சத்துக்கும் மேற்பட்ட மீன்கள் அக்காலத்தில் வெளிநாடு சென்றதாகக் கண்டனர்.

அவற்றுள் 'மிஸ் கேரளா' என்று வணிகர்கள் அழைக்கும் டெனிசன் கெண்டையின் வரலாறு நமக்குப் பாடமாகும். 1997 இல் சிங்கப்பூரில் நடந்த அலங்கார மீன் கண்காட்சியில் அது பரிசு பெற்றது. அன்றிலிருந்து தேவை பெருகியது, ஓடைகள் சலிக்கப்பட்டன. கேரள அரசு 2008 இல் பிடிப்புக்குக் கட்டுப்பாடுகள் விதித்து, சில மாதங்களில் பிடிக்கக்கூடாது என்றும் ஆணையிட்டது. நோக்கம் நல்லது. ஆனால் பிற்பாடு ஆராய்ந்தவர்கள், தடை விதித்த மாதங்களும் மீன் இனம் பெருக்கும் மாதங்களும் பெரும்பாலும் பொருந்தவில்லை என்று சுட்டிக்காட்டினர். மீனின் வாழ்க்கையை அறியாமல் எழுதப்பட்ட ஆணை மீனவனின் வருவாயைக் குறைக்கும், மீனைக் காக்காது. இதற்கிடையில் கேரளத்து ஆய்வாளர்கள் ஹார்மோன் ஊசியின் துணைகொண்டு அதனை இனம் பெருக்கக் கற்றனர். அயல்நாட்டுப் பண்ணைகளும் கற்றுக்கொண்டன. நம் ஓடையின் மீனை அயலார் வளர்த்து உலகுக்கு விற்கும் நிலை தோன்றியது.

ஆற்றில் பிடித்த மீன் ஏன் மலிவு? பிடிப்பவனுக்கு ஆகும் செலவு ஒரு வலையும் ஒரு நாட்கூலியும். ஆறு தன் செலவை எவருக்கும் பட்டியலிட்டு அனுப்புவதில்லை. வளர்ப்பவனுக்கோ மின்சாரம், இரை, தொட்டி, மாதக்கணக்கில் காத்திருப்பு அனைத்தும் செலவு. எனவே, 'வீட்டில் வளர்த்தால் ஆற்றில் பிடிப்பது தானே நின்றுவிடும்' என்று சிலர் மேடைகளில் கூறுவதை நான் ஏற்பதில்லை. மீன் அருகிவிட்டால் விலை ஏறும். விலை ஏறினால் பிடிப்பவனின் ஊக்கமும் ஏறும். அருமையே விலையாகும் பண்டத்தில் சந்தை தானாகவே பிரேக் போடுவதில்லை.

வளர்த்த மீனுக்கு மெய்யாகவே உள்ள மேன்மை வேறு இடத்தில் இருக்கிறது. ஆற்றிலிருந்து பிடித்த மீன் வலையில் உராய்ந்து, பையில் அடைபட்டு, பழகாத இரையை மறுத்து, வழியிலும் கடையிலும் கணிசமாக மடிகிறது. தொட்டியில் பிறந்த மீன் தொட்டி நீருக்கும் உலர் இரைக்கும் பழகியது. வாங்குபவர் ஒரு மீனின் விலையைப் பார்க்காமல், ஆறு மாதம் கழித்து உயிரோடு இருக்கும் மீனின் விலையைப் பார்த்தால், வளர்த்த மீனே மலிவு. இந்தக் கணக்கை வாங்குபவருக்கு விளங்கவைப்பது விற்பவரின் கடமை.

தொட்டியில் அதன் வாழ்க்கை

சிக்லிட் மீன்களில் நமக்கு ஒரு பெரும் வசதி உண்டு. டெனிசன் கெண்டைக்கு ஊசி போட வேண்டியிருந்தது. சிக்லிடுக்கு இணை அமைந்தால் போதும்; மற்றதை அதுவே பார்த்துக்கொள்ளும். ஆகவேதான் இது ஆய்வுக்கூடத்து வேலையாக இல்லாமல் வீட்டு வேலையாக இருக்கமுடிகிறது.

கனரா மீன் நான்கரை அங்குல அளவு வளரும். கூட்டமாக வாழ்வது. ஆணையும் பெண்ணையும் வெளித்தோற்றத்தால் வேறுபடுத்துவது கடினம். கடைக்காரர் 'இது ஜோடி' என்று கூறினால் நம்பவேண்டாம். இளம் மீன்கள் ஆறு அல்லது எட்டை ஒன்றாக வளர்த்து, அவை தாமே இணை தேர்ந்துகொள்ள விடுவதே முறை. அதற்கு 120 செ.மீ. நீளமும் 45 செ.மீ. அகலமும் உயரமும் கொண்ட தொட்டி வேண்டும். ஏறத்தாழ 240 லிட்டர் கொள்ளும். அடியில் ஆற்று மணல், உருண்டைக் கற்கள், மரவேர். நீர் மென்னீராக, நடுநிலையை ஒட்டியதாக, சற்றே ஓட்டமுள்ளதாக இருக்கவேண்டும். புதுத் தொட்டியில் வடிகட்டியில் நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் குடியேற ஒரு மாதமோ அதற்கு மேலோ ஆகும். அதுவரை பொறுமையில்லாதவர் மீன் வாங்கவேண்டாம். வாரந்தோறும் கால்பங்கு நீரை, குளோரின் நீக்கியபின் மாற்றவேண்டும்.

உறவினமாகிய கரிமீன் உப்பங்கழியில் வாழ்வதைக் கண்டு, இதற்கும் நீரில் உப்பு இடவேண்டும் என்று கூறும் வழக்கம் உண்டு. அது தவறு. இது மலையாற்று மீன். அதுபோன்றே, புலால் இரை மட்டும் தருவதும் தவறு. கல்லில் படியும் பாசி, வேகவைத்த கீரை ஆகிய தாவர இரைகளும் இதற்கு வேண்டும்.

இணை சேர்ந்த மீன்கள் ஓர் இடத்தைத் தமதாக்கிக்கொண்டு பிற மீன்களை விரட்டும். அப்போது பிற மீன்களை வேறு தொட்டிக்கு மாற்றுவது நல்லது. கல், சாய்த்து வைத்த பூந்தொட்டி, கொட்டாங்கச்சி ஆகியவற்றின் மறைவான பரப்பைச் சுத்தம் செய்து அங்கே முட்டைகளை ஒட்டவைக்கும். இப்பிரிவு மீன்களின் முட்டை ஒரு சிறு காம்பினால் ஒட்டித் தொங்குவது. தாயும் தந்தையும் மாறிமாறித் துடுப்பால் விசிறி நீரோட்டம் தரும். வெள்ளை பூத்த முட்டைகளை வாயால் அகற்றும். குஞ்சுகள் வெளிவந்து நீந்தத் தொடங்கியதும் ஆர்டீமியாக் குஞ்சுகளை இரையாகத் தரலாம். முதல் இரண்டொரு முறை பெற்றோர் முட்டைகளைத் தாமே தின்றுவிடக்கூடும். அதைக் கண்டு இணையைப் பிரித்துவிடக்கூடாது. மீனும் பழகித்தான் பெற்றோராகிறது.

இங்கே ஒரு சபலம் எழும். ஏஞ்சல் மீன் பண்ணைகளில் முட்டையைப் பெற்றோரிடமிருந்து எடுத்துச் செயற்கையாகப் பொரிக்க வைப்பர். பெற்றோர் விரைவில் மறுபடி முட்டையிடும், உற்பத்தி பெருகும். பல்லத்தியை ஆராய்ந்தவர்கள், குஞ்சுகள் பெற்றோரின் உடல்மேல் சுரக்கும் கோழையைக் கொத்தித் தின்று வளர்வதைக் கண்டுள்ளனர். கரிமீனின் துடுப்புகளை இளம் பல்லத்திகள் துப்புரவு செய்வதையும் பதிவு செய்துள்ளனர். இத்தகைய குடும்ப வாழ்க்கை உடைய மீனைப் பெற்றோரின்றித் தலைமுறை தலைமுறையாக வளர்த்தால், குஞ்சு பேணும் இயல்பு தளர்ந்த மீன்களும் கலந்தே பெருகும். ஆற்றில் பேணத் தெரியாத மீனின் குஞ்சு பிழைக்காது, பண்ணையில் பிழைக்கும். விற்பனைக்கு மட்டும் வளர்ப்பதாயின் அது உங்கள் விருப்பம். இனத்தைக் காப்பதற்கும் வளர்க்கிறோம் என்று கூறுவதாயின், பெற்றோரைக் குஞ்சுகளோடு விட்டுவைக்க வேண்டும்.

எத்தனை தொட்டிகள்?

2020 இல் தொடங்கப்பட்ட பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில், வீட்டுப் புறக்கடை அலங்கார மீன் வளர்ப்புக்கு 3 லட்ச ரூபாய் அலகுச் செலவு வகுக்கப்பட்டது. பொதுப் பிரிவினருக்கு அதில் 40 சதவிகிதமும், மகளிருக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் 60 சதவிகிதமும் மானியம். நல்ல ஏற்பாடு. ஆனால் இத்தகைய திட்டங்களை மதிப்பிடும்போது எத்தனை தொட்டிகள் கட்டப்பட்டன என்பதையே நாங்கள் எண்ணுகிறோம். மூன்றாம் ஆண்டில் எத்தனை தொட்டிகளில் நீர் இருக்கிறது என்று எண்ணுவதில்லை. எண்ணினால் அறிக்கை சற்றுச் சுருங்கும்.

கணக்குக்காக ஒன்று வைத்துக்கொள்வோம். ஓர் இணை ஆண்டுக்கு மூன்று முறை முட்டையிட்டு, முறைக்கு அறுபது குஞ்சுகள் விற்பனை அளவுக்குத் தேறுவதாகக் கொள்வோம். பத்து வீடுகளில் வீட்டுக்கு இரண்டு இணைகள் எனில் ஆண்டுக்கு 3,600 மீன்கள். கப்பி, மோலி வளர்ப்பவர்களுக்கு இது சிறு எண்ணிக்கை. கனரா மீனுக்கோ மிகப் பெரிது. இதனை விரும்பி வாங்குவோர் சிக்லிட் ஆர்வலர்கள் மட்டுமே, தொகை குறைவு. பத்து வீடுகள் செய்யவேண்டியதை நூறு வீடுகளுக்கு விரித்தால் விலை சரியும், வளர்த்தவர் கைவிடுவர், ஆற்றுக்கும் பயனில்லை. எல்லா நல்ல வேலையையும் மாவட்டம் முழுதும் பரப்பியே தீரவேண்டும் என்னும் நம் பழக்கத்தை இந்த ஒரு மீன் விஷயத்தில் விட்டுவிடலாம்.

அடுத்து, அந்தப் பத்து வீடுகள் எங்கே இருக்கவேண்டும்? அலங்கார மீன் இனப்பெருக்கத்தில் சென்னைக் கொளத்தூருக்கு உள்ள கைத்திறனை நான் அறிவேன். எந்த மீனையும் அவர்கள் ஓராண்டில் கற்றுக்கொள்வர். இருந்தாலும் முதல் தொட்டிகள் நேத்ராவதிக் கரையிலேயே அமையவேண்டும் என்பது என் கருத்து. பிரேசிலின் ரியோ நீக்ரோ ஆற்றில் பார்சிலோஸ் நகரத்து மக்கள் கார்டினல் டெட்ரா மீனைப் பிடித்து விற்றே பிழைத்தனர். அம்மீனை உலகின் வேறு பகுதிப் பண்ணைகள் வளர்க்கத் தொடங்கியபின் அவர்களின் வருவாய் நலிந்தது. ஆறு நன்றாக இருந்தால்தான் தன் பிழைப்பு நன்றாக இருக்கும் என்ற கவலை உடைய மனிதர்கள் ஆற்றங்கரையில் குறைந்தனர். அகன்ற ஆற்றில் ஏராளமாகப் பெருகும் டெட்ராவையும் சிறு ஆற்றுக் கனரா மீனையும் ஒரே தட்டில் வைத்துப் பார்க்க முடியாது. இதனை ஆற்றில் தொடர்ந்து பிடிக்க விடுவது தகாது. ஆனால் ஆற்றங்கரைக் குடும்பத்தின் கையிலிருந்து வலையை வாங்கிக்கொண்டால், அதே கையில் தொட்டியைத் தரவேண்டும். நகரத்தவர் கையில் தருவது நியாயமாகாது.

தொட்டியை மட்டும் நம்பியிருக்கவும் முடியாது. மடகாஸ்கரில் மங்கரஹாரா என்னும் ஆற்றின் சிக்லிட், அணைகளால் ஆறு வறண்டதனால் அருகியது. 2013 இல் லண்டன் உயிரியல் பூங்காவில் இரண்டும் பெர்லினில் ஒன்றும் எஞ்சியிருந்தன. மூன்றும் ஆண். பெண் மீன் எங்கேனும் உண்டா என்று உலகெங்கும் வேண்டுகோள் விடுத்தனர். அவ்வாண்டின் இறுதியில், வற்றிய ஆற்றின் மிச்சக் குட்டைகளில் ஒரு சிறு கூட்டம் கிடைத்தது. அதிலிருந்தே இனம் பெருக்க முடிந்தது. தாய்லாந்தின் செவ்வால் 'சுறா'க் கெண்டையை நீங்கள் எல்லோரும் விற்கிறீர்கள். அது பண்ணைகளில் பெருந்தொகையாக உற்பத்தியாகிறது, அதன் ஆறுகளிலோ காண்பதற்கு அரிதாகிவிட்டது.

இறுதியாக, தொட்டி தொடங்குவோர்க்குச் சில நடைமுறைகளைக் கூறி முடிக்கிறேன். தாய் மீன்கள் முதல், குஞ்சுகள் வட்டி. முதலை ஒரே மடுவிலிருந்து எடுக்காமல், பஞ்சாயத்தின் பல்லுயிர் மேலாண்மைக் குழுவுக்கும், வனப்பகுதியாயின் வனத்துறைக்கும் தெரிவித்து அனுமதி பெற்று, ஒரே முறை, சிறு எண்ணிக்கையில் எடுக்கவேண்டும். கோடையில் மடுக்கள் சுருங்கிக் கிடக்கையில் எடுக்கவே கூடாது. அப்போது ஒரு வலைவீச்சு ஒரு மடுவையே காலியாக்கும். நேத்ராவதி மீனையும் குமாரதாரா மீனையும் தனித்தனித் தொட்டிகளில் வைத்திருங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் எந்த மீன் எங்கிருந்து, எந்த நாளில் வந்தது, எந்த இணைக்கு எத்தனை குஞ்சுகள், அவை யாருக்குச் சென்றன என்று எழுதிவாருங்கள். உடன்பிறந்தவற்றை இணைக்காமல் பக்கத்து வீட்டாருடன் மீன் மாற்றிக்கொள்ளுங்கள். மஞ்சளாகவோ வெளிறியோ பிறக்கும் குஞ்சுக்கு அதிக விலை தருவதாக ஒருவர் வருவார். அதனைத் தனி இனமாகப் பெருக்க முற்படவேண்டாம்.

எஞ்சிய குஞ்சுகளை ஆற்றில் விட்டுவிடலாமே என்று முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அம்மையார் காலையில் கேட்டார். விடக்கூடாது. தொட்டி நோய் ஆற்றுக்குப் போகும். நான்கைந்து இணைகளின் சந்ததி ஆற்றின் பலதரப்பட்ட மீன்களோடு கலக்கும். 1952 இல் இலங்கையிலிருந்து மண்டபத்துக்குக் கொண்டுவரப்பட்ட திலேப்பியாவும் ஒரு சிக்லிட்தான். இன்று அது இல்லாத குளம் அரிது. தொட்டியில் பெரிதாகிவிட்டதென்று வெளியே விடப்பட்ட உறிஞ்சுவாய்க் கெளுத்தி நம் ஆறுகளில் வலைகளைக் கிழித்துக்கொண்டிருக்கிறது. ஆற்றில் மீன் விடவேண்டிய தேவை எழுந்தால், அதனை மீன்வளத் துறையும் ஆய்வு நிலையங்களும் மரபணுவைச் சோதித்துச் செய்யட்டும். அன்று அவர்கள் உங்களிடம் முதலில் கேட்கப்போவது அந்த நோட்டுப் புத்தகத்தைத்தான்.